மாடியில் விருந்தாளி, கீழே குடும்பம்

1910 ஏப்ரல் 4-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து ‘துய்ப்ளெக்ஸ்’ கப்பலில் வந்து புதுச்சேரியில் இறங்கிய அரவிந்தருக்குத் தங்க இடம் கொடுத்தவர் கலவை சங்கர செட்டியார். கோமுட்டி செட்டித் தெருவில் இருந்த அவருடைய வீட்டின் மாடியில் அக்டோபர் வரை, ஏறத்தாழ ஆறு மாதம், அரவிந்தர் தங்கினார். 23 நாள் அவர் உண்ணாமல் இருந்து பார்த்தது அந்த வீட்டில்தான். தேர்தல் வேலையாக பிரான்சிலிருந்து வந்த பால் ரிஷார் அவரைச் சந்தித்ததும் அங்கேதான். பிரிட்டிஷ் அரசு தேடிக்கொண்டிருந்த ஒருவரை ஒரு வணிகர் தன் வீட்டு மாடியில் ஆறு மாதம் வைத்துக்கொண்டார் என்பதை இன்று படிக்கும்போது அவருடைய துணிச்சல்தான் முதலில் கண்ணில் படுகிறது. எனக்கு அதோடு அந்த வீட்டின் அமைப்பும் கண்ணில் படுகிறது. வெளியாள் ஒருவரை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளவும், அதனால் வீட்டின் நடப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளவும் அந்த வகை வீட்டில் வசதி இருந்தது.

அந்தத் தெரு இன்று கலவை சுப்பராய செட்டியார் வீதி. ஊரார் வாயில் வைசியாள் வீதி. 2008-இல் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான யுனெஸ்கோ மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இந்த வீதிக்குக் கிடைத்தது. கடந்த கால் நூற்றாண்டில் புதுச்சேரியின் பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. சுற்றுலாக்காரர்களின் புது மோகம் என்று பலர் இதைச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விருந்தாளியை ஏற்பது இந்த வீடுகளின் பிறவிக் குணம். குடும்பம் அங்கேயே குடியிருந்துகொண்டு நாலைந்து அறையை வெளியாருக்கு விடும் முறைதான் அந்தக் குணத்துக்கு மிக நெருக்கமானது. ஊரில் எஞ்சியிருக்கும் வீடுகளைக் காப்பாற்றவும் அதுவே பொருத்தமான வழி என்பது என் முடிவு.

தமிழர் பகுதியில் ஒரு வீட்டை வீதியிலிருந்து பார்த்தால் முதலில் தென்படுவது தாழ்வாரம். மெல்லிய மரத்தூண்கள் தாங்க, சாய்ந்த ஓட்டுக்கூரை வீதியோரம் வரை இறங்கியிருக்கும். வீட்டுக்காரர் செலவில் போட்டது. ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் அதன் கீழ் யாரும் ஒதுங்கலாம். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் தொடர்ந்திருந்த நாளில் தெரு முழுக்க நிழலிலேயே நடக்க முடிந்திருக்கும். தாழ்வாரத்துக்குள் திண்ணை. சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடை, மெழுகிய சுண்ணாம்புப் பூச்சு, சில வீடுகளில் தலைவைக்க ஒரு பக்கம் சற்று உயர்த்திய சாய்மானம். வழிப்போக்கர் அதில் இரவைக் கழிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதன் பிறகுதான் தேக்குக் கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தூண்கள், கூடம், பின்கட்டில் அடுப்படி, கிணறு.

மாடி ஏறினால் கட்டடத்தின் பேச்சே மாறிவிடும். கீழே மரத்தூண் என்றால் மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த உருண்டைத் தூண். வளைவு வைத்த உயரமான ஜன்னல்கள், காற்று வரவும் வெயில் வராமலிருக்கவும் சாய்வாகப் பலகைகள் கோத்த கதவுகள், சுவரில் அரைத்தூண்கள், சுதை வேலைப்பாடு, மொட்டைமாடியில் கைப்பிடிச்சுவர். ஒரே வீட்டில் கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. இதற்குத் தெளிவான பழைய சான்று ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. 1738-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் உள்நிலவரத்தைச் சொல்வதுபோல், அவருடைய வீடு அந்தக் காலத்து மனிதர் தன் இரண்டு உலகங்களையும் எப்படி அடுக்கி வைத்தார் என்பதைச் சொல்கிறது. கீழே உறவும் சாதியும் சமையலும் பூசையும். மேலே பறங்கித் துரைகளும் கப்பல்காரர்களும் வந்து உட்காரக்கூடிய கூடம். இது என் வாசிப்புதான்; ஆனால் இதே அடுக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கட்டிய வீடுகளிலும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய வெள்ளையர் பகுதியில் வீட்டின் குணமே வேறு. துய்மா வீதியிலோ சுஃப்ரென் வீதியிலோ நடந்தால் உயரமான மதில்தான் நீளமாகத் தெரியும். நடுவே ஒரு பெரிய வாசற்கதவு. அதைத் திறந்தால்தான் தோட்டம், தூண் வரிசை வைத்த முகப்பு எல்லாம். அழைப்பு இருந்தால் மட்டும் உள்ளே போகலாம். தமிழ் வீடு தன் மிக நல்ல உட்காருமிடத்தைத் தெருவுக்குக் கொடுத்தது. பிரெஞ்சு வீடு அதைத் தோட்டத்துக்குள் வைத்துக்கொண்டது. வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது என்ற பேச்சில் வெளிநாட்டு இதழ்கள் காட்டும் படம் பெரும்பாலும் இரண்டாவது வகை வீடுதான். மஞ்சள் மதில், காகிதப்பூக் கொடி, அதன் முன் புகைப்படம். முதல் வகை வீட்டைப் பற்றிய கவலையே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வயதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சதுரக் கட்டங்களாக அமைந்த வீதிகளின் திட்டம் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த 1693 முதல் 1699 வரையிலான காலத்தது. ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் நிற்கும் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை அவ்வளவு பழையவை அல்ல. 1761 ஜனவரியில் ஊர் பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தபின் அவர்கள் கோட்டையையும் நகரையும் தரைமட்டமாக்கினார்கள். வீழ்ச்சிக்குச் சில நாள் முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். 1763 பாரிஸ் உடன்படிக்கையின்படி ஊர் திரும்பக் கிடைத்து, 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பார்த்தபோது இடிபாடுதான் இருந்தது. லா தெ லொரிஸ்தோன் ஆளுநராக இருந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். பழைய தெருக் கோடுகளின் மேலேயே புது வீடுகள் எழுந்தன. முந்நூறு ஆண்டுப் பழைமை என்று சொல்லும் விளம்பரங்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிப்பது நல்லது. இருநூறு ஆண்டு என்பதே போதுமான பெருமை.

இந்த வீடுகள் ஏன் அழிகின்றன? பணமில்லாமை ஒரு காரணம். ஆனால் அது முதல் காரணம் அல்ல. முதல் காரணம் உரிமை பலர் கைக்குச் சிதறியது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கைக்கு பிரான்ஸ் ஒப்புதல் கொடுத்து 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள் சுமார் 5000 பேர். அவர்களில் பலர், அவர்களுடைய பிள்ளைகள், ஊரார் ‘சொல்தா’ என்று அழைக்கும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர்களின் குடும்பங்கள் என்று ஒரு பெரும் பகுதி பிரான்சுக்கும் ரெயூனியனுக்கும் பரவியது. வீடு இங்கேயே இருந்தது. தாத்தாவின் வீட்டுக்கு அப்பா தலைமுறையில் நான்கு பங்கு, அடுத்த தலைமுறையில் பத்துப் பன்னிரண்டு பங்கு. மாடித்தளம் ஒழுகுகிறது என்றால் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யவே ஆண்டுகள் போகும். ஊரைவிட்டுப் போகாத குடும்பங்களிலும் பாகப்பிரிவினை இதே வேலையைத்தான் செய்தது. நடுவே முற்றம் வைத்த வீட்டை இரண்டாகப் பிரிக்க முடியாது. பிரித்தால் ஒருவருக்குக் காற்றும் இன்னொருவருக்குக் கிணறும் போய்விடும். விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்வது எளிது. வாங்குபவர் இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்தமும் மேலே அடுக்குமாடியும் கட்டுவார்.

1984-இல் தொடங்கிய இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பின் புதுச்சேரிக் கிளை 1990-களில் எடுத்த கணக்கில் சுமார் 1800 மரபுக் கட்டடங்கள் இருந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் அந்த எண் 1200-க்கும் கீழே வந்துவிட்டது. போர் இல்லை, தீ இல்லை. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. போனவற்றில் பெரும்பகுதி தமிழர் பகுதியின் வீடுகள். வெள்ளையர் பகுதியில் அரசும் அரவிந்தர் ஆசிரமமும் பிரெஞ்சு நிறுவனங்களும் நிறையக் கட்டடங்களை வைத்திருப்பதால் அங்கே இடிப்பு மெதுவாக நடந்தது. அரசின் கையில் இருந்தாலே காப்பு என்றும் சொல்ல முடியாது. கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்ற பழைய நகராட்சி மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததை ஊர் மறக்கவில்லை. அதே உருவில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள்.

பழைய வீட்டை விடுதியாக்கினால் அது தன் செலவைத் தானே சம்பாதிக்கும் என்பதை ஊருக்குக் காட்டிய முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று ரொமேன் ரொலான் வீதியில் இருக்கும் ‘ஓத்தெல் தெ லோரியான்’. பிரெஞ்சுக் காலத்தில் கல்வித் துறை இருந்த மாளிகை அது. நீம்ரானா நிறுவனம் 2000-ஐ ஒட்டி அதை விடுதியாக்கியது. பிறகு பெருமாள் கோயில் வீதியில் தமிழ் வீடொன்று ‘மேசோன் பெருமாள்’ ஆனது. இவற்றைச் செய்தவர்கள் அக்கறையோடு செய்தார்கள். தூணும் முற்றமும் பிழைத்தன. கொத்தனார்களுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் நிறுவனம் நடத்தும் விடுதியில் அடுப்படி உணவகத்தின் சமையற்கூடமாகிறது, பூசையறை வரவேற்பு மேசையாகிறது. குடும்பம் நடத்தும் இடத்தில் விருந்தாளிக்குக் கிடைப்பது வேறு. வடவம் தாளித்த மீன்குழம்பு அன்று வீட்டுக்கு வைத்ததுதான். டிசம்பரில் கிறிஸ்தவ வீடுகளில் ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்துச் சுடும் விவிக்கம் கேக் மேசைக்கு வந்தால், அது விருந்தாளிக்காகச் சுட்டது அல்ல. பண்டிகைக்குச் சுட்டதில் ஒரு துண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டத்தில் இந்த வேறுபாடு விதியாகவே இருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறை வரைதான் விடலாம்; வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கே வசிக்க வேண்டும்.

வசிக்கும் வீட்டைக் கெடுக்காமல் அறை விடுவது எப்படி என்ற கேள்வியில் எல்லாரும் இடறும் இடம் குளியலறை. அந்தக் காலத்தில் குளிக்கும் இடமும் கழிப்பிடமும் பின்கட்டைத் தாண்டி இருந்தன. இன்று தங்க வருபவர் அறையோடு சேர்ந்த குளியலறை கேட்பார். அதை மாடியில் வைக்கப் போனால் மெட்ராஸ் டெரஸ் குறுக்கே வரும். தேக்கு உத்தரங்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாட்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பாவிய தளம் அது. வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்கும். ஓயாத ஈரத்தை மட்டும் தாங்காது. குழாயில் ஒரு துளிக் கசிவு இருந்தால் நீர் முதலில் போய்ச் சேர்வது உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்துக்கு. அங்கே காற்று படாது, மரம் உளுக்கும், கரையான் ஏறும். கீழிருந்து பார்ப்பவருக்கு விட்டம் நன்றாகவே தெரியும். ஒரு மழைக்காலத்தில் அது சுவரைவிட்டு நழுவும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

விவரம் தெரிந்தவர்கள் குளியலறையை மரத்தளத்தின் மேல் வைப்பதே இல்லை. பின்பக்கம் தனி அடித்தளம் போட்டு ஒரு சிறு கட்டை எழுப்பி, மாடியிலிருந்து அதற்கு வாசல் திறந்துவிடுகிறார்கள். இடமே இல்லாவிட்டால் தரையைச் சற்று உயர்த்தி, குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே கண்ணில் படும்படி விடுகிறார்கள். பார்க்க அழகில்லை என்று விருந்தாளி நினைக்கலாம். கசிவு அன்றே தெரியும் என்பதுதான் அதன் நன்மை. அந்த வீட்டிலேயே படுத்தெழும் குடும்பத்துக்குச் சுவரில் புதிதாக ஏறிய ஈரக்கறை மறுநாள் காலையில் கண்ணில் படும். வாரக் கடைசியில் மட்டும் அறைகள் நிறையும் ஆளில்லாக் கட்டடத்தில் அது ஒரு பருவம் கழித்துத்தான் தெரியும்.

சிமெண்ட் இன்னொரு எதிரி. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் வழி அடைபட்டு ஈரம் உள்ளேயே நிற்கும். சில ஆண்டில் பூச்சு செங்கல்லின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். நல்லெண்ணத்தோடு செய்த மராமத்து பல வீடுகளுக்கு எமனானது இப்படித்தான். முற்றத்தை மூடுவதும் அதே வகை. குளிர்சாதனம் வைக்கவும் மழைச்சாரலைத் தடுக்கவும் மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டுவிட்டால், வீட்டின் சூடான காற்று மேலெழுந்து போகும் வழி அடைபடும். பிறகு குளிர்சாதனம் இல்லாமல் அங்கே இருக்கவே முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது போன்ற நாட்கள் திறந்த முற்றத்துக்குச் சோதனைதான். ஆனால் முற்றத்தின் வடிகாலைத் தூர்வாரி வைத்துக்கொள்வது ஆளிருக்கும் வீட்டில் பெரிய வேலையல்ல.

வைசியாள் வீதிக்குத் திரும்புவோம். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஏஷியா உர்ப்ஸ்’ திட்டத்தில் புதுச்சேரி நகராட்சியோடு கூட்டாளிகளாக இருந்தவை இரண்டு சிற்றூர்கள்: பிரான்சின் வில்நெவ்-சுர்-லொத், இத்தாலியின் உர்பினோ. உர்பினோ மலை மேல் மதில் சூழ்ந்த ஊர். ஓவியர் ரஃபேல் பிறந்த இடம். 1998 முதல் உலக மரபுச் சின்னம். இந்தத் திட்டத்தில் இன்டாக் வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. செலவில் ஒரு பங்கு திட்டத்திலிருந்து வந்தது. ஒரு பங்கை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். தாழ்வாரங்கள் திரும்ப நின்றன. ஒரு வீட்டைத் தனியாகக் காப்பாற்றுவதைவிட ஒரு தெருவைச் சேர்த்துக் காப்பாற்றுவது எளிது என்பதற்கு அந்த வீதி சான்று.

உர்பினோவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளாத பாடம் சட்டத்தில் இருக்கிறது. இத்தாலியில் 1939-ஆம் ஆண்டின் 1089-ஆம் எண் சட்டம், வரலாற்று மதிப்புள்ளது என்று அறிவிக்கப்பட்ட தனியார் வீட்டைக்கூட அரசின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ தடை செய்தது. வெறும் தடை என்றால் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு அது தானாக விழும் நாளுக்குக் காத்திருப்பார். 1982-இல் வந்த இன்னொரு சட்டம் பராமரிப்புச் செலவுக்கு வரிச்சலுகை கொடுத்தது. 1985-இல் பண்ணை வீடுகளில் விருந்தாளிகளை வைத்துக்கொள்ளச் சட்டம் வழி செய்தபோது, விவசாயமே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சிற்றூர்களில் பரம்பரை வில்லாக்களில் பயணிகள் தங்குவது இன்று இத்தாலியில் இவ்வளவு சகஜமாக இருப்பதற்குப் பின்னால் இப்படித் தடையும் சலுகையும் நிபந்தனையும் சேர்ந்து நிற்கின்றன. புதுச்சேரியிலும் சலுகை எதுவாக இருந்தாலும், வீட்டு வரியோ மராமத்து மானியமோ, குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு அதிகமாகப் போக வேண்டும். இப்போது வெள்ளையர் பகுதி முழுக்க வீடுகள் விடுதிகளாகி, அறைக் கதவுகளில் எண் ஒட்டப்பட்டு வருகிறது. வார இறுதியில் சென்னை, பெங்களூரு வண்டிகள் வீதியை நிறைக்கின்றன. மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார அங்கே வீட்டுக்காரர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். தமிழர் பகுதிக்கும் அதே நிலை வர வேண்டாம்.

காரைக்குடியின் ‘பங்களா’ நம் பக்கத்திலேயே இருக்கும் முன்னுதாரணம்: ஒரு செட்டிநாட்டுக் குடும்பம் தானே நடத்தி, தன் சமையலுக்குப் பேர் வாங்கி, கட்டடத்தையும் நிறுத்தியிருக்கிறது. புதுச்சேரியில் இதைப் பெரிய அளவில் செய்யத் தடையாக நிற்பது பங்காளிக் கணக்கு. அந்தக் கணக்குக்கே இதில் தீர்வும் இருக்கிறது என்று நினைக்கிறேன். முற்றம் வைத்த வீட்டைப் பன்னிரண்டாகப் பிரிக்க முடியாது. அதன் வருமானத்தைப் பிரிக்கலாம். ஊரில் இருக்கும் ஒரு பங்காளி கீழே குடியிருந்து மாடி அறைகளை நடத்துவது, செலவும் அவர் உழைப்புக்கான கூலியும் கழித்து மீதியை மற்றவர்களுக்குப் பங்குப்படி அனுப்புவது, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களுக்கு ஆண்டில் சில வாரம் அறை ஒதுக்குவது என்று குடும்ப ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். இத்தகைய ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரிப் படிவத்தையும், கையெழுத்துகளைத் தூதரகம் வழியாகச் சேர்த்துத் தர ஓர் அலுவலரையும் அரசு கொடுத்தால், இடிப்பு அனுமதி கேட்டு வரவிருக்கும் மனுக்களில் சில வராமலே நிற்கும். முகப்புக்குச் சுண்ணாம்பு பூசுவதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு.